எர்த் குழி வெட்டினால் போதுமா? பழைய வீட்டில் சுவரே ஷாக் அடிக்கும்போது

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் நான்கு பக்கத்தில் எழுதியதன் சுருக்கம் இது.

மாமனார் 1968இல் கட்டிய வீடு. முற்றம், ஓட்டுக்கூரை, சுண்ணாம்புக் காரைச் சுவர். மாமனார் காலமான பிறகு நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். முன்பாதியில் கொழுந்தனார் குடும்பம். பின்பாதியில் வாசகி, கணவர், மாமியார், எட்டு வயது மகன். மீட்டர் ஒன்றுதான், அதுவும் மாமனார் பெயரில். பல அறைகளில் இன்னும் மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடுகிறது. மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி என்று எதுவும் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வாஷிங் மெஷின் வாங்கினார்கள். ஈரக்கையால் தொட்டால் சுருக்கென்றது. உள்ளூர் எலெக்ட்ரீஷியன் வந்து, “நியூட்ரல்லேர்ந்து எர்த் எடுத்துக் குடுத்திருக்கேன்” என்றார். ஷாக் நின்றுவிட்டது. போன வருடம் உறவினர் ஒருவர் சொல்லி ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டார்கள். மழை நாட்களில் அது அடிக்கடி டிரிப் ஆனது. அதே எலெக்ட்ரீஷியன் வந்து அதைத் தாண்டி டைரக்ட் கொடுத்துவிட்டார். இந்த ஐப்பசி மழையில், கிரைண்டருக்குப் பின்னால் இருக்கும் சமையலறைச் சுவரில் கை வைத்த மாமியாருக்கு ஷாக் அடித்திருக்கிறது.

எர்த் குழிக்கு 9,000 ரூபாய், முழு ரீ-ஒயரிங்குக்கு 1.75 லட்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். “அப்பா போட்ட ஒயரிங், அம்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்கிறார் கொழுந்தனார். எர்த் குழி மட்டும் போட்டால் போதுமா, ஆர்சிசிபி இருந்தால் எர்த் தேவையா, கொழுந்தனார் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது, ஈபிக்கு இதில் பொறுப்பு இல்லையா, மகனுக்காக கீசர் வைக்கலாமா. இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சுவரைவிட அவசரம் அது. “நியூட்ரலிலிருந்து எர்த்.” அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்படிச் செய்த பிளக் பாயின்டுகளை நூற்றுக்கணக்கில் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மேல் தட்டை எடுத்தால் மூன்று முனைகள் தெரியும். மேலே எர்த், கீழே ஒரு பக்கம் மின்சாரம் வரும் பேஸ், மறுபக்கம் அது திரும்பிப் போகும் நியூட்ரல். நியூட்ரல் திருகுக்கும் எர்த் திருகுக்கும் நடுவே சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு செம்புக் கம்பியை வளைத்து முறுக்கியிருப்பார்கள். அவ்வளவுதான் வேலை. ஷாக் நின்றுவிடும், வீட்டில் நிம்மதியும் வந்துவிடும்.

ஏன் நின்றது? மெஷினின் உடம்பில் ஏறிய கசிவு மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை நியூட்ரல் பூமியின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும், ஓரிரு வோல்ட்தான் வித்தியாசம். ஆனால் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால்? மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு ஃப்யூஸ் கட்டைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். அந்தக் காலத்தில் அப்படிப் போட்டார்கள். இப்போதைய விதிப்படி நியூட்ரலில் தனி ஃப்யூஸ் இருக்கவே கூடாது. அந்த நியூட்ரல் ஃப்யூஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் நிற்கும், விளக்கு அணையும். கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் பேஸ் உயிரோடு இருக்கிறது. அது சுவிட்ச் போட்டிருக்கும் ஃபேனுக்குள் நுழைந்து நியூட்ரல் ஒயருக்கு வரும், அங்கிருந்து அந்தச் சின்னக் கம்பி வழியாக வாஷிங் மெஷினின் தகரத்துக்கு வரும். இருட்டான வீட்டில் மெஷினின் உடம்பில் 230 வோல்ட். காற்றில் போஸ்ட்டில் நியூட்ரல் ஜாயின்ட் விட்டாலும் இதே கதைதான். யாராவது போர்டு மாற்றும்போது பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றி முறுக்கிவிட்டால், ஃபேன்கூட வேண்டாம், நேராகவே ஏறிவிடும்.

உங்கள் எலெக்ட்ரீஷியன் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். பலருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவர்களே இப்படித்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பி இன்னும் ஒரு வாரம்கூட அங்கே இருக்கக் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

வாஷிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கையால் துவைப்பது சிரமம்தான், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாயின்டில் வேறு எதையும் சொருக வேண்டாம். மற்ற பாயின்டுகளின் எர்த் ஒயரும் அதோடு சேர்ந்திருந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பும் அதே ஆபத்தில்தான் இருக்கிறது. அதனால் ஃப்ரிட்ஜைக் காய்ந்த கையால், காலில் ரப்பர் செருப்போடு மட்டும் தொடுங்கள். செருப்பு போட்டால் போதும் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். செருப்பு காலை மட்டும்தான் காக்கும். ஒரு கை மெஷினிலும் மறு கை இரும்புக் குழாயிலும் இருந்தால் மின்சாரம் ஒரு கையில் நுழைந்து நெஞ்சைக் கடந்து மறு கையில் வெளியேறும். செருப்புக்கு அங்கே வேலையே இல்லை.

சமையலறைச் சுவரில் ஓடும் லைனை போர்டிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினால் போதும் என்று நீங்களே முயல வேண்டாம். நீங்கள் பிடுங்குவது நியூட்ரல் கட்டையாக இருந்துவிட்டால் லைன் செத்ததுபோலத் தெரியும், ஆனால் சுவர் அப்படியே உயிரோடு இருக்கும். கிரைண்டரை நகர்த்தி, அந்தச் சுவருக்கு முன்னால் அரிசி மூட்டையோ ஸ்டூலோ எதையாவது வைத்து, மாமியார் பழக்கத்தில் கை ஊன்றாதபடி செய்யுங்கள்.

இன்னொன்று. வீட்டில் யுபிஎஸ் இருப்பதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் யுபிஎஸ்ஸில் ஓடும் லைன்கள் அணையாது. வேலை செய்ய வருபவரிடம் இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். யுபிஎஸ் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மகனுக்கும் காட்டிவையுங்கள்.

எர்த் குழி எதைச் செய்யும், எதைச் செய்யாது

எர்த் குழி இருந்தால் கரண்ட் பூமிக்குப் போய்விடும், நமக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் தோட்டத்தில் நல்ல குழி வெட்டி அதன் மின்தடை 8 ஓம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் குழிக்கு இது நல்ல அளவுதான். டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் 2 ஓம். மொத்தம் 10. மெஷினுக்குள் பேஸ் ஒயர் உரசி உடம்பில் பட்டுவிட்டது. ஓடும் மின்னோட்டம் 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 16 ஆம்பியர் எம்சிபிகூட விழுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு நேரமும் மெஷின் உடம்பில் 23 பெருக்கல் 8, அதாவது 184 வோல்ட் நிற்கும். குழி வெட்டி, கரி போட்டு, உப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றியும் 184 வோல்ட்!

இதே இடத்தில் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்சிசிபி இருந்தால்? குழி மோசமாகி 100 ஓமுக்குப் போயிருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியும். ஆர்சிசிபிக்கு வேண்டியது அதில் சுமார் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான். கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். வீடுகளில் உயிரைக் காப்பது இந்தக் கருவிதான். குழி அதற்குத் துணை.

அப்படியானால் குழியே வேண்டாமா என்றால், வேண்டும். எர்த் இல்லாமலும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் கசிவு பூமிக்குப் போக வேறு வழியில்லாததால், யாராவது தொட்ட பிறகுதான், அவர் உடம்பு வழியாகத்தான் அதற்குத் தகவல் போகும். ஒரு உதறல் வாங்கிய பிறகு விழும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்றாலும் எழுபதைக் கடந்த உங்கள் மாமியாரின் உடம்பில் அந்தப் பரிசோதனை நடக்க வேண்டாம். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

9,000 ரூபாய் குழி பற்றி இன்னொரு விஷயம். பழைய மரச்சட்ட ஒயரிங்கில் பெரும்பாலும் இரண்டே ஒயர்தான் ஓடும். எர்த் ஒயரே இருக்காது. குழியிலிருந்து போர்டுக்கும், போர்டிலிருந்து ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் பச்சை ஒயர் போகாவிட்டால் அந்தக் குழி தோட்டத்தில் புதைத்த குழாய், அவ்வளவுதான். “ஒயர் எதுவரைக்கும் இழுப்பீங்க?” என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

மண் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். டெல்டாவின் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 40 மில்லிமீட்டர் ஜிஐ குழாய் 2.5 மீட்டர் இறக்கினாலே நல்ல அளவு வரும். பாறை மண்ணில் படும் பாடு உங்களுக்கு இல்லை. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உப்பு போட்டால் குழாயை மெல்லத் தின்றுவிடும். அதனால் செம்பு பூசிய ராடும் பென்டோனைட் கலவையும் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

ஆர்சிசிபி போன வருடமே சொன்னது

டிரிப் ஆகும் ஆர்சிசிபியைத் தொல்லை என்று எடுத்துவிட்டீர்கள். அது என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்பதை மட்டும்தான் அது கவனிக்கிறது. திரும்பாமல் எங்கோ கசிந்தால் விழுகிறது. மழை நாளில் மட்டும் விழுந்தது என்கிறீர்கள். எனக்குத் தோன்றுகிற காரணங்கள் மூன்று.

முதலாவது, அந்தச் சின்னக் கம்பி. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டதால், திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு மெஷின் உடம்பு, ஈரத்தரை என்று வேறு வழியில் நழுவியிருக்கும். தரை காய்ந்தால் சரியாகிவிடும், நனைந்தால் விழும்.

இரண்டாவது, சமையலறைச் சுவர். உள்ளே ஒயரின் உறை வெடித்திருக்கிறது. சுவர் நனைந்ததும் கசிந்திருக்கிறது. இந்த ஐப்பசியில் மாமியாரின் கை கண்டுபிடித்ததைப் போன ஐப்பசியிலேயே ஆர்சிசிபி கண்டுபிடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். எழுதும்போதே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவது, யுபிஎஸ்ஸும் கொழுந்தனார் பாதியும். இந்தப் பக்கத்து விளக்குக்கு அந்தப் பக்கத்து நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தாலோ, யுபிஎஸ் லைனின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கும் நியூட்ரலோடு சேர்த்திருந்தாலோ கணக்கு உதைக்கும், காரணமே இல்லாமல் விழுவதுபோலத் தெரியும். பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம்.

ஆக, டைரக்ட் கொடுத்ததைப் பிரித்து ஆர்சிசிபியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். விழுந்தால் ஒவ்வொரு லைனாகக் கழற்றிச் சேர்த்து எந்த லைன் என்று பிடிக்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு அரைநாள் வேலை. யுபிஎஸ்ஸிலிருந்து வெளியே போகும் லைனுக்குத் தனியாக இன்னொரு ஆர்சிசிபி தேவை. முன்னால் இருப்பது கரண்ட் போன நேரத்தில் அந்த லைனைக் காக்காது. அப்புறம், ஆர்சிசிபி இருந்தாலும் எம்சிபி வேண்டும். ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் ஆர்சிசிபி பார்க்காது. பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் ஒருவர் இரு கைகளால் தொட்டாலும் அதற்குத் தெரியாது. அவரையும் ஒரு பல்பு என்றுதான் நினைக்கும்.

முழு ரீ-ஒயரிங் தேவையா?

ஒரே மூச்சில் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதை என் ஊகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒயர் உறையின் காப்புத்தடையை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பாருங்கள். எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனாக அளப்பார்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வருகிற லைனை நம்பக் கூடாது. இதை மழைக்காலத்திலேயே செய்துவிடுங்கள். பங்குனி வெயிலில் அளந்தால் செத்த ஒயரும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

என் யோசனை: சமையலறை, குளியலறை, துவைக்கும் இடம், மோட்டார் இந்த நான்கையும் இப்போதே புதிதாகப் போடுங்கள். தண்ணீர் புழங்கும் இடங்கள் அவை. பிளக் பாயின்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கீசர் போன்றவற்றுக்கு 4. எல்லாவற்றுக்கும் கூடவே எர்த் ஒயர். சுண்ணாம்புக் காரைச் சுவரை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி விடுவது, வெட்டினால் உதிரவும் செய்யும். மேலோடு பிவிசி குழாயோ கேசிங்கோ போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நாளைக்குக் கோளாறு என்றால் சுவரை உடைக்காமல் திறந்து பார்க்கலாம். பீங்கான் கட்டைகளை எடுத்துவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டை முனை மெயின் சுவிட்ச் வையுங்கள். படுக்கையறை, கூடத்து விளக்கு லைன்கள் மெகரில் தேறினால் அடுத்த வருடம் செய்துகொள்ளலாம். மேலே ஆர்சிசிபி இருக்கும் தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

வேலையை அரசின் வயர்மேன் தகுதிச் சான்று வைத்திருப்பவரிடம் கொடுங்கள். முடிந்ததும் எர்த் எத்தனை ஓம், ஒவ்வொரு லைனும் எத்தனை மெகாஓம், ஆர்சிசிபி எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவர் அளந்திருக்க மாட்டார். டெஸ்டர் எரிவதையும் எரியாததையும் காட்டி “பாருங்க, எல்லாம் சரி” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போதைய மெஷின்களுக்குள் இருக்கும் ஃபில்டரால், எர்த் இல்லாத இடத்தில் நல்ல மெஷினிலும் டெஸ்டர் மினுக்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

கொழுந்தனார், மீட்டர், ஈபி

உங்கள் பாதியில் உங்கள் பாதுகாப்புக்கு நீங்கள் செய்யும் வேலைக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. மீட்டருக்குப் பக்கத்திலிருந்து உங்களுக்கென்று தனி பேஸ், தனி நியூட்ரல் இழுத்து, உங்கள் பக்கத்தில் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் தனி டிபி பாக்ஸ், அதில் ஆர்சிசிபி. அவர் லைனைத் தொட வேண்டியதே இல்லை. பொதுவான மெயின் போர்டில் கை வைக்கும் அன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐம்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பவரோடு வாதம் வேண்டாம். மெகர் கொண்டுவருபவரை அவர் வீட்டு லைனில் ஒன்றை அவர் கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லுங்கள். அம்பது வருடத்துக்கு முன் அந்த ஒயரில் நாலு பல்பும் ஒரு ஃபேனும்தான் ஓடின என்பதை அவரே யோசிப்பார்.

தனி இணைப்பும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமின்றி குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு தர வேண்டும் என்கிறது. பாகம் தனியாகப் பிரிந்திருக்கிறதா என்று அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். மாமனார் பெயரிலிருக்கும் இணைப்பைப் பெயர் மாற்ற வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். அதற்குத்தான் கொழுந்தனாரின் ஒத்துழைப்பு வேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒயரிங் வேலையை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள்.

ஈபியின் பொறுப்பு மீட்டர்வரை. போஸ்ட்டில் பொறி பறப்பது, சர்வீஸ் ஒயர் ஓட்டில் உரசுவது, திடீரென்று விளக்குகள் பளிச்சென்று கூடி ஃபேன் வேகமாகச் சுற்றுவது இவையெல்லாம் அவர்கள் பார்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது நியூட்ரல் விட்டுப்போவதன் அறிகுறி. உடனே மெயினை அணைத்துவிட்டு ஈபியின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் புகார் சொல்லுங்கள். மின் வழங்குபவர் நுகர்வோர் இடத்தில் ஒரு எர்த் முனை தர வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது வரும்வரை உங்கள் குழியை ஒத்திப்போட வேண்டாம். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் இருப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

கீசர் இப்போது வேண்டாம். குளியலறைக்குப் புது லைனும் எர்த்தும் வந்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுவதை நீங்களே பார்த்த பிறகு வையுங்கள். அந்தப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். கரண்ட் பில் கட்டும் தேதியைக் காலண்டரில் எழுதும் இடத்திலேயே இதையும் எழுதிவையுங்கள். அதுவரை பையனுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி மட்டும் உங்கள் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.